பரங்கிப்பேட்டையில் ஒன்றேகால் ஏக்கர், கையில் 38 லட்சம்: இறால் குட்டையா, வேறு தொழிலா?

வெள்ளாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

நான் பரங்கிப்பேட்டைக்காரன். ஷார்ஜாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினாலு வருஷம் டெக்னீஷியன் வேலை பார்த்தேன். அம்மோனியா கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில், எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வாரம் இரண்டு தடவை சிதம்பரத்துக்கு டயாலிசிஸ் கூட்டிப் போக வேண்டும். அதனால் விசாவை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

கையில் 38 லட்சம் இருக்கிறது. வாப்பா பெயரில் ஊருக்கு மேற்கே வெள்ளாற்றை ஒட்டி ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. ஒரு காலத்தில் நெல் போட்ட நிலம். இப்போது கோடையில் மேல்மண்ணில் உப்புப் பூத்துக் கிடக்கிறது.

மச்சான் இறால் குட்டை வெட்டலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் வனாமி இறால் போட்டு இரண்டு அறுவடையில் வீடு கட்டிவிட்டாராம். பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன், பரங்கிப்பேட்டை ஒன்றியமே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருகிறது, அங்கே எந்தத் தொழிலும் செய்ய விடமாட்டார்கள் என்கிறான். லாத்தா (அக்கா) வீட்டுக்காரர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பார்த்தவர், பணத்தை அங்கே போடு என்கிறார்.

என் மனசில் இருப்பது வேறு. வந்ததிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்கு அன்னங்கோவில் மீன் இறங்குதளத்துக்குப் போய் நின்று பார்க்கிறேன். படகு வந்ததும் நண்டை வலையிலிருந்து கழற்றி ரகம் பிரிப்பது பெண்கள். நீலக்கால் தனிக் கூடை, முக்கண்ணு தனிக் கூடை. வெளியூர் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வண்டி ஏழரை மணிக்குத்தான் வருகிறது. அதுவரை கூடைமேல் ஈரச்சாக்குதான், சில நாள் அள்ளித் தெளித்த மாதிரி நாலு துண்டு ஐஸ். அந்த ஐஸும் கடலூரிலிருந்து வருகிறது. எங்கள் ஊர் நண்டு, வேறு ஊர் ஐஸில், வேறு ஊர் வண்டியில் போகிறது. ஷார்ஜாவில் ஒரு பெட்டி மீன் அரை மணி நேரம் வெளியே நின்றால் சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். இங்கே இரண்டரை மணி நேரம் வெளியே நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

இந்தக் கடற்கரையில் தொழில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். என் பணம் ஒரு தடவைதான் போடக்கூடிய பணம்.

முதுநகர் ஐஸ் எழுதியது:

தம்பி, நான் கடலூர் முதுநகர்ல 22 வருஷமா ஐஸ் பிளான்ட் வச்சிருக்கேன். 12 டன் பிளான்ட். நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். கம்ப்ரசர் தெரிஞ்ச ஆள் நம்ம கடற்கரைக்குத் திரும்பி வந்திருக்கேன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்க ஆபரேட்டர் கிடைக்காமத்தான் பாதிப் பேர் மூடிட்டுப் போனாங்க.

குட்டை வேணாம். உனக்குத் தெரிஞ்ச தொழில் குளிர். அதை விட்டுட்டு எதுக்கு இறாலுக்கு வைத்தியம் பாக்கப் போறே?

ஆனா ஐஸ் போடுறேன்னா மெஷினைப் பத்தி அப்புறம் பேசு, முதல்ல தண்ணியைப் பாரு. நான் முப்பத்தஞ்சு வயசுல இந்தத் தொழிலுக்கு வந்தப்ப மெஷின் பாத்தேன், ஷெட் பாத்தேன், மின்சார லைன் பாத்தேன். போர் தண்ணியை நாக்குல வச்சுப் பாத்துட்டு "லேசா உப்பு, பரவால்ல"ன்னு விட்டுட்டேன். அந்த லேசான உப்பு என்னை எட்டு வருஷம் தின்னுச்சு.

நீ ஷார்ஜாவில பாத்தது பெரும்பாலும் குளிர் அறையா இருக்கும், பார் ஐஸ், அதாவது பெரிய கட்டி ஐஸ், போட்டிருக்க மாட்டே. அதனால சொல்றேன். உப்புக் கரைசல் தொட்டி மைனஸ் பத்துல நிக்கும். அதுல தகரக் கேனை இறக்கிருவோம். தண்ணி கேனோட சுவர்ப் பக்கத்துல இருந்து உள்நோக்கி உறையும். உறையறப்ப சுத்தமான தண்ணிதான் முதல்ல கட்டியாகும், அதுல இருக்கிற உப்பு, காத்து, அழுக்கு எல்லாத்தையும் நடுவுக்குத் தள்ளிக்கிட்டே போகும். கட்டியை எடுத்துக் குறுக்கால உடைச்சுப் பாரு, நடுவுல பால் ஊத்தின மாதிரி ஒரு வெள்ளைத் தண்டு தெரியும். நல்ல தண்ணியா இருந்தா தண்டு விரல் மொத்தம். என்னோட அந்தப் பழைய போர் தண்ணியில தண்டு உள்ளங்கை அகலம். அந்த இடத்துல நாக்கை வச்சா கரிக்கும். ஐஸ் குத்தியால ஒரு தட்டுத் தட்டினா கல்லு மாதிரி பிளக்காம மாவு மாதிரி பொலபொலன்னு உதிரும். படகுக்காரன் அதைப் பாத்த உடனே கண்டுபிடிச்சிருவான். "அண்ணே, உங்க பார் பரங்கிப்பேட்டை தாண்டுறதுக்குள்ள தண்ணியாயிருது"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் பக்கத்துப் பிளான்ட்டுக்குப் போனாங்க.

உறையவும் கூடுதல் நேரம் ஆகும், அதாவது கரண்ட். என் பிளான்ட்ல நல்ல தண்ணிக்கு ஒரு டன்னுக்கு அம்பத்தஞ்சு அறுபது யூனிட்ல முடியறது, அந்த உப்புத் தண்ணிக்கு எழுபதைத் தாண்டும். அது போக கேன் துருப்பிடிச்சு ஓட்டை விழும். கடைசியில மேற்கே இருந்து லாரியில தண்ணி வாங்கி ஊத்தித்தான் தொழிலைக் காப்பாத்தினேன். இன்னைக்கும் என் செலவுல கரண்டுக்கு அடுத்தது தண்ணி லாரிதான்.

இன்னொண்ணு. வருஷம் 365 நாள்னு கணக்குப் போடாதே. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு இறங்காது. ஐப்பசி கார்த்திகையில வாடைக் காத்தும் புயல் எச்சரிக்கையுமா பாதி நாள் போயிரும். எட்டு மாசம் ஓடினா நல்ல வருஷம். பேங்க் தவணை பன்னெண்டு மாசமும் வரும். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல என் ஷெட் கூரை பக்கத்துத் தெருவுல கிடந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல கரண்ட் இல்ல. தொட்டியில இருந்த பார் எல்லாம் கரைஞ்சு நான் அங்கேயே உக்காந்து அழுதிருக்கேன்.

சின்னதா ஆரம்பி. பார் ஐஸ் வேணாம், நண்டுக்குத் துகள் ஐஸ்தான் சரி. பார் ஐஸை உடைச்சுப் போட்டா கூர் முனை குத்தி நண்டு கால் ஒடியும், கால் ஒடிஞ்ச நண்டுக்கு விலை கிடையாது. நாளைக்கு மூணு டன் போடுற ஃப்ளேக் ஐஸ் மெஷின், கூட ஒரு சின்ன சில் ரூம் (குளிர் அறை), உனக்கு அது போதும். மெஷினை நீயே கழட்டி மாட்டுவே, அதுதான் உன்னோட பெரிய முதல்.

கிள்ளை உப்பங்கழி எழுதியது:

பாய், நான் ஒன்பது வருஷமா குட்டை வச்சிருக்கேன். மேலே அண்ணன் சொன்னதுக்கு மறுப்புச் சொல்லணும்னு இல்ல, ஆனா குட்டைன்னாலே மோசம்னு போயிடக் கூடாது. வனாமி நூறு, நூத்தி இருபது நாள் பயிர். 30 கவுன்ட்டுக்கு, அதாவது கிலோவுக்கு 30 இறால் நிக்கிற அளவுக்கு வளந்து நல்ல விலையும் நின்னா வேற எந்தத் தொழிலும் அந்த வேகத்துல காசு தராது. பக்கத்து நிலத்துக்காரர் வீடு கட்டினது பொய்யா இருக்காது.

அவர் மூணாவது அறுவடையைப் பத்தியும் கேளுங்க. எனக்கு வெள்ளைப்புள்ளி நோய் ஒரு தடவை, வெள்ளைக் கழிச்சல் நோய் ரெண்டு தடவை. வெள்ளைக் கழிச்சல்ல என் இறால் அவ்வளவா சாகல, ஆனா வளரவும் இல்ல. எண்பதாம் நாள்ல 100 கவுன்ட்லயே நிக்கிற இறாலைப் பாத்துக்கிட்டு, தண்ணியில காத்து கலக்குற ஏரேட்டருக்கு டீசல் ஊத்தினவனுக்குத்தான் அந்த வலி தெரியும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப வாங்க வந்த ஏஜென்ட் பாதி வழியில போனை அணைச்சான்.

உங்க நிலம் ஆத்தை ஒட்டி இருக்குன்னு சொல்றீங்க. அலை ஏறுற உயர எல்லைக் கோட்டிலேர்ந்து 200 மீட்டருக்குள்ள குட்டை கூடாதுன்னு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ல வந்தப்பவே இருந்துச்சு, 2023-ல அதைத் திருத்தியிருக்காங்க, ஆத்தங்கரைக்கு இப்ப என்னன்னு கேட்டுக்குங்க. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எங்க போட்டாலும் பதிவு வேணும். பதிவில்லாம போட்டவங்க குட்டையை ஜேசிபி வச்சு உடைக்கிறதைக் கண்ணால பாத்திருக்கேன். ஒன்றேகால் ஏக்கர்ல கரை, கழிவுநீர்த் தொட்டி, வாய்க்கால் போக உங்களுக்கு முக்கால் ஏக்கர் தண்ணிதான் மிஞ்சும். அதுக்காக 38 லட்சத்தையும் இறக்காதீங்க.

காடாம்புலியூர் அக்கா எழுதியது:

தம்பி, நான் பண்ருட்டிப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைக்கிற சின்ன யூனிட் நடத்துறேன், பதினெட்டுப் பொம்பளைங்க வேலை பாக்குறாங்க.

முந்திரியில பணம் போடச் சொன்ன உங்க அத்தான்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: கொட்டை எங்கேருந்து வாங்குவீங்க? நம்ம மாவட்டத்துக் கொட்டை மார்ச்ல ஆரம்பிச்சு மே மாசத்தோட முடிஞ்சிரும். அந்த மூணு மாசத்துல வருஷம் பூராவுக்கும் வாங்கிப் போட்டாத்தான் ஆலை ஓடும். இல்லேன்னா ஆப்பிரிக்கக் கொட்டை, தூத்துக்குடித் துறைமுகத்துல இறங்குறது. உங்க 38 லட்சமும் மூட்டையா குடோன்ல அடங்கிரும், மெஷின் வாங்கக் காசு இருக்காது. பண்ருட்டியில விழுந்தவங்கள்ல பாதிப் பேர் தொழில் தெரியாம விழல, மூட்டையில பணத்தைப் பூட்டினதால விழுந்தாங்க.

ஆனா எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு, அதை நீங்க எடுத்துக்கணும். லாரி வந்து நின்னா விலை பேச மாட்டோம். மூட்டைக்கு மூட்டை கை விட்டு ஒரு கிலோ கொட்டை எடுப்போம். அங்கேயே உக்காந்து ஒவ்வொண்ணா ரெண்டா வெட்டுவோம். நல்லது, சுருங்கினது, பூச்சி விழுந்தது, கறுத்தது, தனித்தனியா நிறுப்போம். 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு தேறும்னா வாங்கலாம். 44-க்குக் கீழ போனா கண்ணை மூடிக்கிட்டு லாரியைத் திருப்பிரணும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தைச் சோம்பேறித்தனத்துல விட்டு ஒரே லாரியில ரெண்டு லட்சம் போனவ நான். ஐஸ் அண்ணன் சொல்ற தண்ணிச் சோதனையும் இதே மாதிரிதான். வெட்டிப் பாக்காம வாங்காதீங்க.

இன்னொன்னு மனசுல பட்டுச்சு. நண்டு பிரிக்கிற பொம்பளைங்களைப் பத்தி எழுதியிருக்கீங்க. அவங்க கையைப் பாத்தீங்களா? எங்ககிட்ட வேலைக்கு வர்றவங்களுக்குக் கொட்டைத் தோட்டுல இருக்கிற எண்ணெய் பட்டு விரல் நுனி தோல் உரிஞ்சு கறுத்திருக்கும். சாம்பல் தொட்டுக்கிட்டு உடைப்பாங்க, அப்பவும் எரியும். என் விரலும் அப்படித்தான், ரேஷன் கடை மெஷின்ல ரேகை விழாம மூணு மாசம் அரிசி வாங்க முடியாம இருந்திருக்கேன். இப்ப எல்லாருக்கும் கையுறை வாங்கிக் குடுத்திருக்கேன், கூலியும் கூட்டியிருக்கேன். நண்டு முள்ளு குத்தின கை ஐஸ் தண்ணியில ஊறினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நீங்க ஷெட் போட்டா முதல்ல அவங்க நின்னு வேலை செய்ய ஒரு மேசை, தலைக்கு மேல நிழல், கழிப்பறை, மூணையும் போடுங்க. வேற வண்டிக்காரன் பத்து ரூபா கூட வச்சாலும் அவங்க உங்களை விட்டுப் போக மாட்டாங்க.

மானியம்: பொம்பளைங்க பேர்ல போட்டா மீன்வளத் திட்டத்துல 60 சதவீதம், பொதுப் பிரிவுக்கு 40-ன்னு இருந்துச்சு. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம்னு பேரு, இப்பவும் உண்டான்னு கேளுங்க. உங்க வீட்டுக்காரம்மா பேர்ல எழுதுங்க, மனசுல எழுதினா போதாது, பத்திரத்திலேயும் எழுதுங்க.

நிலத்தடி நீர் (ஓய்வு) எழுதியது:

கடலூர் மாவட்டத்தில் நிலத்தடி நீர் தொடர்பான பணியில் நெடுங்காலம் இருந்தவன். கேள்வி கேட்ட தம்பியின் அக்கறை மிகவும் பிடித்திருந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வேளாண் மண்டலம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளோடு கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் வருகின்றன: காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. தடை செய்யப்பட்டவை துத்தநாகம், தாமிரம், அலுமினிய உருக்காலைகள், இரும்பாலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய் எரிவாயுத் துரப்பணம் போன்றவை. ஐஸ் ஆலையும் மீன் குளிர்பதனமும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் நண்பர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். உங்களைக் கட்டுப்படுத்துவது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல் ஓதம் ஏறும் ஆற்றின் கரைக்கும் அது பொருந்தும்: 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது, 2019 அறிவிக்கையில் அந்த 100 மீட்டர் 50 ஆனது. உங்கள் சர்வே எண்ணை வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகு அஸ்திவாரம் தோண்டுங்கள்.

இந்தக் கடற்கரைக்குப் பெரிய முதலீடு வருகிறது என்று நான் கேட்டது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. பெரியகுப்பத்தில் கட்டிக்கொண்டிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தானே புயலில் சேதமடைந்து, முடியாமலே நின்றுபோனது. 2017-ல் கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைச் சேர்த்து பெட்ரோ கெமிக்கல் மண்டலம் என்று அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் ரத்தானது. அந்த இடைக்காலத்தில் நிலத்தை விற்றவர்களும் இருக்கிறார்கள், விற்காமல் பயிரும் வைக்காமல் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். உங்களைப் போல் மூன்று டன், ஐந்து டன் என்று ஆரம்பிப்பவர்கள் பத்துப் பேர் இருந்தால் இந்தக் கரைக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி தண்ணீர். இதை நிதானமாகப் படியுங்கள். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதனால் மோட்டார் போட்டு இறைத்து ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நீர் நாற்பது அடி மேலே ஏற இடம் கிடைக்கிறது. ஐஸ் நண்பருடைய கிணறு எட்டு வருடம் படுத்திய பாட்டுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்திருக்கலாம்.

ஆழத்தில் வேறு நீரடுக்குகள் உண்டு. கடலூர் மணற்பாறை என்றே அதற்குப் பெயர். 1935-ல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் துளை போட்டபோது கறுப்பாக வெளிப்பட்டதே பழுப்பு நிலக்கரி, அதன் அடியிலும் மேலேயும் இதே குடும்பத்து மணல் அடுக்குகள்தான். சுரங்கத்தின் அடியில் நீர் அழுத்தத்தோடு மேலே தள்ளும். அதை இரவு பகலாக இறைக்காமல் நெய்வேலியில் நிலக்கரி எடுக்க முடியாது. முன்பு இந்த மாவட்டத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் இரும்புக் குழாயின் வாயில் துணியைச் சுற்றி அடைத்து வைத்திருந்தார்கள். துணியை எடுத்ததும் முழங்கால் உயரத்துக்கு நீர் எழும்பியது. மாடுகள் அதில் குடித்துக்கொண்டு நின்றன. பல வருடம் கழித்து அங்கே போனபோது அதே குழாய்க்குள் கல் போட்டேன், சத்தம் வர நேரம் ஆனது.

ஆகவே: ஆழக் குழாய்க் கிணறு போட்டால் துளைத்தவுடன் மின் லாகிங் (துளைக்குள் கருவி இறக்கி மின்சாரத்தால் அடுக்குகளைச் சோதிப்பது) செய்து எந்த அடுக்கு உப்பு, எந்த அடுக்கு நல்லது என்று பாருங்கள். உப்பு அடுக்கைக் கடக்கும் இடத்தில் துளையில்லாத குழாய் இறக்கி, வெளிப்புறத்தைச் சிமென்டால் அடையுங்கள். இதற்கு ஆகும் செலவைப் பார்த்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மேல் உப்பு கீழ் அடுக்குக்கும் இறங்கி, உங்களோடு பக்கத்து வீட்டுக்காரர் கிணறும் கெடும். குடிநீருக்கு டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராமில்) 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 2000 வரை ஏற்கிறார்கள். மீன் ஐஸுக்கும் குடிநீர்த் தரமே வேண்டும். கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, இரண்டு மாதிரி எடுங்கள். ஒரே மாதிரியை நம்பிப் பணம் போடாதீர்கள். ஆர்.ஓ. (உப்பு நீக்கும் கருவி) போடலாம் என்று யாராவது சொன்னால், அது துப்பும் உப்புக் கழிவை எங்கே விடப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். வெள்ளாற்றில் விடாதீர்கள், தம்பி. நண்டுக் குஞ்சு அங்கேதான் வளர்கிறது.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வாப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பொங்கி வழிந்த குழாயைப் பற்றிக் கேட்டதும் வாப்பா சிரித்தார். அவர் சின்ன வயதில் அப்படி ஒன்றில் குளித்திருக்கிறாராம்.

குட்டையை விட்டுவிட்டேன். மச்சானுக்கு வருத்தம்தான். கிள்ளை பாய் எழுதியதைக் காட்டினேன், மூன்றாவது அறுவடையைப் பற்றிப் பக்கத்து நிலத்துக்காரரிடம் அவரே போய்க் கேட்டுவிட்டு வந்து ஒன்றும் பேசவில்லை.

நேற்று மூன்று இடத்துத் தண்ணீரைக் கையடக்க மீட்டரில் பார்த்தேன். டிடிஎஸ் எங்கள் நிலத்துப் பழைய கிணற்றில் 4,100. பள்ளிவாசல் போர் 1,350. அன்னங்கோவில் போகிற வழியில் சொந்தக்காரர் தோப்பில் ஒரு ஆழக் குழாய், 620. எங்கள் நிலத்தில் ஐஸ் போட முடியாது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தோப்புக்காரர் பத்து சென்ட் வாடகைக்குத் தரச் சம்மதிக்கிறார். இறங்குதளத்துக்கு வண்டியில் நாலு நிமிடம். அக்கா, திட்ட அறிக்கையை என் மனைவி பெயரில்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். மேசையும் நிழலும் கழிப்பறையும் அதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

நிலத்தடி நீர் சார் சொன்னபடி மழைக்குப் பிறகும் ஒரு தடவை எடுத்துவிட்டுத்தான் மெஷினுக்கு முன்பணம் கொடுப்பேன். அதுவரை சும்மா இருக்க மனமில்லை. முதுநகர் அண்ணே, தோப்புத் தண்ணீரை உங்கள் தொட்டியில் ஒரே ஒரு கேனில் உறைய வைத்து நடுத்தண்டைப் பார்த்துச் சொல்வீர்களா? வியாழக்கிழமை காலையில் கொண்டு வரட்டுமா?

முதுநகர் ஐஸ் எழுதியது:

வா தம்பி. புதன் சாயந்திரமே வந்துட்டா ராத்திரி கேனை இறக்கி, மறுநாள் மத்தியானம் ரெண்டு பேரும் சேந்து உடைச்சுப் பாக்கலாம். அம்பது லிட்டர் வேணும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட விட்டுட்டுப் பிடி, குழாய்ல தேங்கின தண்ணி வேணாம். கேனை அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டு அப்புறம் நிரப்பு.

மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுலதான். வாப்பாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லு.